லினக்ஸுக்காகப் பழைய லேப்டாப் வாங்குவது எப்படி: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது

பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் விசாரிக்கிறார்கள்: ஐ5-ஆ ஐ7-ஆ, ரேம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு, பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும். பலருக்கும் லினக்ஸ் போட்டுக் கொடுத்த பிறகு அந்த வரிசையை நான் தலைகீழாக்கிவிட்டேன். பேட்டரியையும் டிஸ்கையும் நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம். பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) பூட்டு, போர்டோடு ஒட்டிய சிப்புகள், கிராஃபிக்ஸ் ஆகியவற்றை வாங்கிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது. அதனால் மாற்ற முடியாதவற்றை முதலில் பாருங்கள். அங்கே தேறாததைத் தயங்காமல் விட்டுவிடுங்கள். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

1. என்ன வேலைக்கு என்று ஒரு வரியில் எழுதுங்கள்

பிரவுசர், ஆவணங்கள், கொஞ்சம் புரோகிராமிங் என்றால் 8 ஜிபி ரேம் போதும். விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் இன்னொரு கணினி) ஓட்டுவீர்கள் என்றால் 16 ஜிபி-க்குக் கீழே இறங்காதீர்கள். தினமும் தோளில் சுமப்பதா, மேசையிலேயே கிடப்பதா என்பதையும் எழுதிவிடுங்கள். இந்த ஒரு வரி இல்லாமல் போனால், விற்பவர் எதை எடுத்து வைத்தாலும் அது நமக்கேற்றதாகவே தோன்றும்.

2. முதலில் மாடல், விளம்பரம் அப்புறம்

புதியவர்கள் மலிவான விளம்பரத்தை முதலில் பிடித்துவிட்டு, பிறகு அந்த மாடலில் லினக்ஸ் ஓடுமா என்று கேட்கிறார்கள். அதற்குள் மனசு அந்தக் கருவியோடு ஒட்டியிருக்கும். எதிர்மறையான பதில் காதில் ஏறாது. மூன்று நான்கு மாடல்களை முன்கூட்டியே தீர்மானித்து, அவற்றை மட்டும் தேடுங்கள்.

அலுவலகங்களுக்காகச் செய்யப்படும் வரிசைகளிலிருந்து தொடங்குவது நல்லது: லெனோவோ திங்க்பேடின் டி, எக்ஸ் வரிசைகள், டெல் லாடிட்யூட், ஹெச்பி எலைட்புக். நிறுவனங்கள் இவற்றை மொத்தமாக வாங்கி, சில ஆண்டுகளில் மொத்தமாகக் கழிக்கின்றன. அதனால் உதிரிப் பாகங்கள் கிடைக்கும். கழற்றி மாட்டும் முறையை விளக்கும் சர்வீஸ் கையேட்டை இந்த நிறுவனங்களே இணையத்தில் வைத்திருக்கின்றன. லினக்ஸிலிருந்தே பயாஸை அப்டேட் செய்ய உதவும் எல்விஎஃப்எஸ் சேவையிலும் மூன்று நிறுவனங்களும் பங்கேற்கின்றன. வீட்டு உபயோகத்துக்கென்று விற்கப்படும் மாடல்களுக்கு இந்த வசதிகள் எப்போதும் அமைவதில்லை.

உபுண்டு என்ற லினக்ஸ் வகையை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம், தான் சோதித்துச் சான்றளித்த கணினிகளின் பட்டியலை வெளியிடுகிறது. உங்கள் மாடல் அதில் இருந்தால் நல்லதுதான். ஆனால் சான்று ஒரு குறிப்பிட்ட அமைப்புக்குத்தான், மாடல் பெயருக்கு இல்லை. பலர் தவறுவது இங்கேதான். திங்க்பேட் டி480 என்ற ஒரே பெயரில், இன்டெல் கிராஃபிக்ஸ் மட்டும் உள்ளதும் இருக்கிறது, என்விடியா எம்எக்ஸ்150 சேர்ந்ததும் இருக்கிறது. 1366 × 768 மங்கல் திரையும் உண்டு, 1920 × 1080 திரையும் உண்டு. பெயரோடு ஒரு ‘எஸ்’ சேர்ந்து டி480எஸ் ஆகிவிட்டால் ரேம் அமைப்பே வேறு.

எனவே அடிப்பக்க ஸ்டிக்கரின் படத்தை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். டெல் என்றால் சர்வீஸ் டேக், லெனோவோ என்றால் சீரியல் எண். நிறுவனத்தின் சப்போர்ட் பக்கத்தில் அதை உள்ளிட்டால், ஆலையிலிருந்து வெளிவந்தபோது உள்ளே என்ன இருந்தது என்று தெரியும். படம் அனுப்ப மறுப்பவரை விட்டு நகர்ந்துவிடுவேன்.

3. சிப்புகளின் தலைமுறை

ஐ7 என்ற ஸ்டிக்கர் ஏமாற்றும். இன்டெல்லின் 7-ஆம் தலைமுறை ஐ7-7500யு-வில் 2 கோர்தான் (கோர் என்பது சிப்புக்குள் உள்ள தனித்தனிக் கணிப்பு அலகு). அடுத்த தலைமுறையின் ஐ5-8250யு-வில் 4 கோர். கோடுக்கு அடுத்து வரும் முதல் எண்தான் தலைமுறை. அந்த எண் 1-இல் தொடங்கினால், அதாவது 10210யு, 1135ஜி7 போன்றவற்றில், முதல் இரண்டு எண்கள். மெல்லிய லேப்டாப்பில் இன்டெல் என்றால், 8-ஆம் தலைமுறையிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள் என்பதே என் யோசனை.

அதே சமயம், விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வ பட்டியல் ஏறத்தாழ அந்த 8-ஆம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. ஆகவே 6, 7-ஆம் தலைமுறைக் கருவிகளைப் பலர் கழித்துக்கட்டுகிறார்கள். லினக்ஸுக்கு அவற்றில் எந்தக் குறையும் இல்லை. 2 கோர் போதும் என்றால் கூசாமல் எடுக்கலாம்.

மிகப் பழசுக்குப் போனால் வேறொரு சுவர் இருக்கிறது. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10, ஏவிஎக்ஸ்2 உள்ளிட்ட கட்டளைத் தொகுதிகள் இல்லாத சிப்பில் ஏறாது. இன்டெல்லில் இவை 2013-இல் வந்த ஹாஸ்வெல் தலைமுறையில்தான் சேர்ந்தன. செலரான், பென்டியம் பெயர் கொண்ட பல சிப்புகளில் அதற்குப் பிறகும் இல்லை. எல்லா டிஸ்ட்ரோவும் (உபுண்டு போன்ற லினக்ஸ் வகை) இப்படிக் கேட்பதில்லை என்றாலும், நாலைந்து வருடம் வைத்திருக்கப் போகிறவர் யோசிக்க வேண்டிய விஷயம். புத்தம் புதிய சிப்பிலும் சிக்கல் உண்டு: அதை இயக்கும் டிரைவர் உங்கள் டிஸ்ட்ரோவின் கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) இன்னும் வராமல் இருக்கலாம். வெளிவந்து குறைந்தது இரண்டு மூன்று வருடம் ஆன வன்பொருள்தான் லினக்ஸுக்குப் பதமான வயது.

4. கிராஃபிக்ஸ், வைஃபை, மற்றவை

கிராஃபிக்ஸில் இன்டெல், ஏஎம்டி இரண்டுக்கும் டிரைவர் கெர்னலோடு வந்துவிடும். என்விடியாவுக்குப் பெரும்பாலும் அவர்களுடைய டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். பழைய கார்டு என்றால் இன்னொரு தலைவலி. என்விடியாவின் பழைய ஃபெர்மி தலைமுறைக்கான 390 டிரைவர் வரிசை, அடுத்து வந்த கெப்ளருக்கான 470 வரிசை இரண்டுக்குமே அப்டேட் நின்றுவிட்டது. புதிய கெர்னலில் அவை சுலபத்தில் ஏறுவதில்லை. இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள சில லேப்டாப்களில் ஹெச்டிஎம்ஐ துளை என்விடியாவோடு இணைந்திருக்கும். அந்த டிரைவர் தகராறு செய்தால் வெளித்திரையும் போச்சு. கேமும் வீடியோ எடிட்டிங்கும் உங்கள் ஒற்றை வரியில் இல்லையென்றால், என்விடியா இல்லாத வகையையே தேடுங்கள்.

வைஃபையில் இன்டெல் சிப் என்றால் நிம்மதி. ரியல்டெக் மாடலுக்கு மாடல் மாறும். பல பிராட்காம் சிப்புகளுக்குத் தனி டிரைவரை இறக்க வேண்டும், இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். போனை யுஎஸ்பி-யில் இணைத்து அந்த ஒரு முறை தப்பிக்கலாம். பல மாடல்களில் வைஃபை ஒரு சின்ன கார்டு. கழற்றி இன்டெல் கார்டு போட்டுவிடலாம். ஆனால் பழைய திங்க்பேட், ஹெச்பி மாடல்கள் சிலவற்றின் பயாஸ், தன் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் தொடங்கவே மறுக்கும். மெல்லிய புது மாடல்கள் சிலவற்றில் வைஃபை சிப்பே போர்டோடு ஒட்டியிருக்கும்.

கைரேகை சென்சாரைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். வேலை செய்தால் அதிர்ஷ்டம். 12-ஆம் தலைமுறையிலிருந்து சில உயர்ரக லேப்டாப்களில் கேமரா யுஎஸ்பி வழியாக இணையாமல் வேறு முறையில் இணைகிறது. லினக்ஸில் அது நெடுநாள் தொல்லை கொடுத்தது.

முதல் லினக்ஸ் கருவியாக இவற்றை நான் யாருக்கும் சொல்வதில்லை: ஆப்பிளின் டி2 பாதுகாப்புச் சிப் உள்ள 2018–2020 மேக்புக்குகள் (உள் கீபோர்டுக்கும் வைஃபைக்குமே சிறப்புக் கெர்னல் தேவை), பள்ளியோ நிறுவனமோ தன் கட்டுப்பாட்டில் பதிவு செய்துவைத்த குரோம்புக்குகள், இஎம்எம்சி என்ற மலிவு வகைச் சேமிப்பு போர்டோடு ஒட்டிய மலிவு லேப்டாப்கள்.

5. ரேம் துளைகளை எண்ணுங்கள்

இப்போது எவ்வளவு ரேம் இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு வரை ஏற்றலாம் என்பதே முக்கியம். டி480, லாடிட்யூட் 7490, எலைட்புக் 840 ஜி5 மூன்றிலும் இரண்டு துளைகள் உண்டு. டி480எஸ், டி490 இரண்டிலும் பாதி போர்டோடு ஒட்டியது, மீதிக்கு ஒரே துளை. எக்ஸ்1 கார்பனில் முழுவதுமே ஒட்டியது: 8 ஜிபி-யோடு வாங்கினால் கடைசிவரை 8 ஜிபி. மெல்லியது, அழகாக இருக்கிறது என்று அதை எடுத்துவிட்டுப் பிறகு ரேம் வாங்கப் போனவர்களை எனக்குத் தெரியும்.

6. பார்க்கப் போகும்முன் கையில் இருக்க வேண்டியவை

லைவ் லினக்ஸ் (நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ்) உள்ள பென் டிரைவ் இரண்டு. ஒன்று மக்கர் பண்ணினால் குறை பென் டிரைவிலா லேப்டாப்பிலா என்று தெரிய வேண்டுமே. வென்டாய் என்ற கருவியால் ஒரே பென் டிரைவில் பல ஐஎஸ்ஓ கோப்புகளை (டிஸ்ட்ரோக்கள் இறக்கக் கிடைக்கும் கோப்பு வடிவம்) வைக்கலாம்; ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ கோப்பையும் சேர்த்துப் போடுங்கள். எந்த டிஸ்ட்ரோவை நிறுவப் போகிறீர்களோ அதையே கொண்டுபோங்கள். கெர்னல் வேறானால் சோதனை முடிவும் வேறாகலாம்.

கிளம்பும்முன் வீட்டுக் கணினியில் ஒருமுறை அதைத் தொடக்கிப் பாருங்கள். விற்பவர் முன்னால் உட்கார்ந்து பென் டிரைவோடு மல்லுக்கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். பதற்றத்தில் பாதிச் சோதனையை விட்டுவிடுவார்கள்.

கூடவே இயர்போன், போனும் அதன் கேபிளும், முடிந்தால் ஹெச்டிஎம்ஐ கேபிள். பிறகு ஒரு மணி நேரம் தேவைப்படும் என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

7. பவர் போடும்முன்

மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள். கீல் இறுகியிருந்து சட்டம் பிளந்திருந்தால் வேண்டாம். மேசைமேல் வைத்து மூலைகளை அழுத்துங்கள். ஆடினாலோ, டச்பேட் மேலே தள்ளியிருந்தாலோ உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம், அது ஆபத்தும்கூட. திருகுகள் காணாமல் போயிருந்தால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள். அது குற்றமில்லை, ஏன் என்று கேளுங்கள். சார்ஜர் அந்த நிறுவனத்துடையதுதானா என்றும் பாருங்கள். காரணம் 10-ஆம் படியில் வருகிறது.

8. பயாஸ்: பாதிப் பேர் தாண்டிப்போகும் படி

விண்டோஸ் திறக்கிறது, பாட்டு ஓடுகிறது, எல்லாம் சரி என்று பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து பென் டிரைவைச் செருகினால் பயாஸ் பாஸ்வேர்டு கேட்கிறது. விற்றவருக்கும் அது தெரியாது, ஏதோ ஒரு நிறுவனம் எப்போதோ போட்டது. என்னிடம் உதவி கேட்டு வந்த ஒருவரின் கதை இதுவேதான். பென் டிரைவிலிருந்து தொடங்குவதையும் அந்தப் பயாஸில் அடைத்திருந்தார்கள். அந்த லேப்டாப்பில் கடைசிவரை விண்டோஸ்தான் ஓடியது.

எனவே பவர் போட்டதும் முதலில் பயாஸுக்குள் போங்கள். பொதுவாகத் திங்க்பேடில் எஃப்1, டெல்லில் எஃப்2, ஹெச்பி-யில் எஃப்10. உள்ளே போனால் போதாது; ஏதாவது ஒரு அமைப்பை மாற்றிச் சேமிக்க முடிகிறதா பாருங்கள். சில பூட்டுகள் பார்க்க விடும், மாற்ற விடாது. திங்க்பேடின் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு, காயின் பேட்டரியைக் கழற்றினால் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது போர்டில் உள்ள தனிச் சிப்பில் பதிந்திருக்கிறது.

உள்ளே இருக்கும்போதே இன்னும் மூன்று விஷயங்கள். திரையில் காட்டும் சீரியல் எண்ணும் அடிப்பக்க ஸ்டிக்கரும் ஒன்றா? வேறாக இருந்தால் போர்டு மாறியிருக்கலாம். திருட்டுப் பொருளாக இருக்கவும் வாய்ப்புண்டு. கம்ப்யூட்ரேஸ் அல்லது அப்சல்யூட் என்ற பெயரில் உள்ள கண்காணிப்பு வசதி ‘ஆக்டிவேட்’ நிலையில் இருக்கிறதா? இருந்தால் விலகுங்கள். மூன்றாவது, டிஸ்க் அமைப்பு. டெல் லேப்டாப்கள் பலவற்றில் அது ‘ரெய்டு ஆன்’ என்று இருக்கும். அந்த நிலையில் லினக்ஸ் இன்ஸ்டாலர் டிஸ்கைக் காணாமல் போகலாம். ‘ஏஹெச்சிஐ’ என்று மாற்றினால் சரியாகிவிடும், ஆனால் அதில் உள்ள விண்டோஸ் தொடங்காமல் போகலாம். வாங்கிய பிறகு மாற்றுங்கள், விற்பவரின் மேசையில் வேண்டாம்.

செக்யூர் பூட் என்ற அமைப்பை (சான்று பெற்ற சிஸ்டத்தை மட்டும் தொடங்க விடும் பாதுகாப்பு) அணைக்கத் தேவையில்லை. உபுண்டு, ஃபெடோரா ஆகிய டிஸ்ட்ரோக்கள் இரண்டும் அதோடு ஓடும். 2022 முதல் வந்த சில திங்க்பேட்களில் மட்டும், மைக்ரோசாஃப்டின் மூன்றாம் தரப்புச் சான்றிதழை அனுமதிக்கும் அமைப்பை பயாஸில் இயக்கினால்தான் லினக்ஸ் தொடங்கும். பென் டிரைவ் சரியில்லை என்று பலர் தவறாக நினைப்பது இதைத்தான்.

9. லைவ் லினக்ஸில் சோதனை

பென் டிரைவிலிருந்து தொடக்குங்கள். பூட் மெனுவுக்கு லெனோவோ, டெல் இரண்டிலும் பொதுவாக எஃப்12, ஹெச்பி-யில் எஃப்9. ‘நிறுவாமல் முயன்று பார்’ என்ற வழியைத் தேர்ந்தெடுங்கள்.

முதலில் வைஃபை. போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைந்து ஒரு வீடியோவை ஓடவிடுங்கள். அதிலேயே ஸ்பீக்கரும் தெரிந்துவிடும். பிறகு இயர்போன், மைக், கேமரா, புளூடூத். டெக்ஸ்ட் எடிட்டரைத் திறந்து கீபோர்டில் ஒவ்வொரு கீயையும் தட்டுங்கள். ஒலி, வெளிச்சம் மாற்றும் கீகளை மறந்துவிடாதீர்கள். பென் டிரைவ் செருகியிருக்கும் துளை தவிர மற்ற எல்லா யுஎஸ்பி துளைகளிலும் எதையாவது செருகிப் பாருங்கள். டி480 போல யுஎஸ்பி-சி வழியாக மட்டுமே சார்ஜ் ஏறும் கருவியில் அந்தத் துளை தளர்ந்திருந்தால் சார்ஜ் ஏற்றுவதே சிக்கலாகிவிடும்.

அப்புறம் தூக்கம், அதாவது மூடியை மூடினால் லேப்டாப் உறங்கி, திறந்தால் விழிப்பது. பென் டிரைவைப் பிடுங்காமல் மூடியை மூடி, ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். திறந்ததும் திரை வருகிறதா, வைஃபை தானாக இணைகிறதா, டச்பேட் நகர்கிறதா? லினக்ஸில் அதிகமாகச் சறுக்கும் இடம் இதுதான். இந்தச் சோதனையை இரண்டு முறை செய்யுங்கள்; முதல் முறை எழுந்து இரண்டாம் முறை எழாதவை இருக்கின்றன.

11-ஆம் தலைமுறை இன்டெல்லிலிருந்து பல லேப்டாப்களில் எஸ்3 எனப்படும் பழைய ஆழ்ந்த தூக்கம் இல்லை. அதற்குப் பதிலாக வந்த முறையில், சரியாக அமையாவிட்டால் ஓர் இரவுக்குள் பேட்டரி கணிசமாக இறங்கிவிடும். ஐந்து நிமிடத்தில் அது தெரியாது. டி480 தலைமுறையில் எஸ்3 உண்டு என்பதும் அந்த வயதுக் கருவிகளை நான் சொல்வதற்கு ஒரு காரணம்.

திரைக்கு ஒரு நிமிடம்: முழு வெள்ளை, முழுக் கறுப்பு இரண்டு படங்களைத் திறந்து புள்ளி, கறை பாருங்கள்.

10. சூடும் வேகமும்

எல்லா கோர்களையும் பத்து நிமிடம் வேலை வாங்குங்கள். தனிக் கருவி வேண்டாம். பிரவுசரில் நான்கைந்து உயர்தர வீடியோக்களை ஒன்றாக ஓட்டினாலும் விசிறியின் குணம் தெரிந்துவிடும். பெரும்பாலான இன்டெல் லேப்டாப் சிப்புகள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சில நொடியிலேயே அந்த நிலைக்குப் போனால் தூசி அடைத்திருக்கலாம், வெப்பப் பசை காய்ந்திருக்கலாம். இரண்டையும் சரிசெய்யலாம். விசிறியிலிருந்து உரசல் சத்தம் வந்தால் விசிறியையே மாற்ற வேண்டும்.

டெல்லில் ஒரு விசித்திரம் உண்டு. சார்ஜரை அடையாளம் காண முடியாவிட்டால், லேப்டாப் சிப்பின் வேகத்தை மிகவும் குறைத்துவிடும், பேட்டரியையும் சார்ஜ் செய்யாது. லினக்ஸ் மந்தமாக இருக்கிறது என்று டிஸ்ட்ரோ மாற்றி மாற்றிப் போட்ட ஒருவருக்குக் கடைசியில் குறை, கூட வந்த போலி சார்ஜரில்தான் இருந்தது.

11. டிஸ்கும் பேட்டரியும்

இவை கடைசியில் வரக் காரணம் முன்பே சொன்னதுதான்: மாற்றலாம். இங்கே காணும் குறை வாங்காமல் விடுவதற்கில்லை, பேரம் பேசுவதற்கு.

உபுண்டுவின் டிஸ்க்ஸ் செயலியில் ஸ்மார்ட் தகவல் (டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தரும் குறிப்பு) கிடைக்கும். பழைய வகை இணைப்பான சாட்டா டிஸ்கில், கெட்டுப்போனதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு மேல் இருந்து, அதுவும் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்கை நம்ப வேண்டாம். புதிய வகையான என்விஎம்இ எஸ்எஸ்டி-யில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைச் சதவீதமாகவே காட்டும். செயலியில் தெரியாவிட்டால் ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பைப் போட்டுப் பார்க்கலாம்.

பேட்டரிக்கு மணிக்கணக்கு கேட்காதீர்கள், கொள்ளளவைக் கேளுங்கள். லினக்ஸ் இரண்டு எண்களைத் தரும்: புதிதாக இருந்தபோது எவ்வளவு, இப்போது முழுதாக ஏற்றினால் எவ்வளவு. 50 வாட்-மணி 35 ஆகியிருந்தால் 70 சதவீதம் மிச்சம். டி480-இல் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு பேட்டரிகள். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். பிறகு சார்ஜரைப் பிடுங்கிவிட்டுச் சில நிமிடம் ஓட்டுங்கள். எண் நன்றாக இருந்தும் பொத்தென்று அணைந்துபோகும் பேட்டரிகள் உண்டு.

12. வீட்டுக்கு வந்த முதல் நாள்

திருப்பிக் கொடுக்கும் அவகாசம் இருக்கிறதா என்று கேட்டுவைத்திருப்பீர்கள். அது முடிவதற்குள் நீண்ட சோதனைகளை முடித்துவிடுங்கள். முதல் இரவு மெம்டெஸ்ட்86+ ஓடட்டும். ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றி எது கெட்டது என்று கண்டுபிடிக்கலாம்.

விற்பவர் போட்டுக்கொடுத்த சிஸ்டத்தை, அது லினக்ஸாகவே இருந்தாலும், வைத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும். டிஸ்கை முழுதாக அழித்து, என்கிரிப்ஷனோடு (பாஸ்வேர்டு இல்லாமல் டிஸ்கைப் படிக்க முடியாதபடி) புதிதாக நிறுவுங்கள்.

நிறுவியதும் ஃபர்ம்வேர் (பயாஸ் போல வன்பொருளுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட். உபுண்டு, ஃபெடோராவின் மென்பொருள் செயலியிலேயே அது வரும். 2017 முதல் 2019 வரை வந்த, தண்டர்போல்ட் (யுஎஸ்பி-சி துளை வழியே இயங்கும் அதிவேக இணைப்பு) உள்ள திங்க்பேட் என்றால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். அந்தச் சிப்பின் பழைய ஃபர்ம்வேர் நாளடைவில் யுஎஸ்பி-சி துளையைச் செயலிழக்கச் செய்யும் என்று லெனோவோவே அறிவித்து, அதற்கான திருத்தத்தையும் வெளியிட்டது.

இரண்டாம் இரவு, பேட்டரிச் சதவீதத்தைக் குறித்துக்கொண்டு மூடியை மூடித் தூங்கவிடுங்கள், சார்ஜர் இல்லாமல். காலையில் திறந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். கால்வாசிக்கு மேல் போயிருந்தால், பயாஸில் தூக்க வகையை மாற்றும் அமைப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். சில திங்க்பேட்களில் அங்கே ‘லினக்ஸ்’ என்றே ஒரு தேர்வு இருக்கும். அதை மாற்றிவிட்டு மூன்றாம் இரவும் இதே சோதனையைச் செய்யுங்கள்.